மார்பகப் புற்று: அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. தேவைதானா?

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

“நீ சயன்ஸ் படிக்கிற புள்ளதானே? இந்தப் படத்தை எடுக்கணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு” என்று பெரியப்பா என்னிடம் கேட்டபோது நான் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். பெரியப்பாவும் பெரியம்மாவும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிறிய இட்லிக் கடை வைத்திருப்பவர்கள். வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். அன்று வந்த சீட்டில் இருந்தது எம்.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்து. அம்மூன்றெழுத்தின் விரிவு எனக்குத் தெரிந்திருந்தது. பெரியப்பாவின் கேள்விக்கு விடைதான் தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு அப்போது வயது 52. குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என் அம்மாவிடம் சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மேமோகிராம் எடுத்தார்கள், அல்ட்ரா சவுண்ட் பார்த்தார்கள், ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் தொடக்க நிலை. கட்டி ஒன்றே, ஒன்றரை சென்டிமீட்டர், அக்குளில் நெறி இல்லை. “கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்துவிடலாம். பிறகு கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டும்” என்றார் அறுவை மருத்துவர். கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் எங்கள் பக்கம் ‘கரண்ட்’ என்பார்கள்.

அவர் எம்.ஆர்.ஐ. கேட்கவில்லை. அதுதான் வீட்டில் சந்தேகத்தைக் கிளப்பியது. நகரத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், “பெரிய இடத்துல எல்லாம் எம்.ஆர்.ஐ. எடுக்காம கத்தியே வைக்கமாட்டாங்க. நாம இல்லாதவங்கன்னு உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டாங்க” என்றார். அந்தச் சொல் எல்லோருக்கும் தைத்துவிட்டது. தனியார் நிலையமொன்றில் பத்தாயிரம் ரூபாய் என்றார்கள். பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போவதற்கு முன், பெரியப்பா என்னைக் கேட்டார். நானும் பெரிய அறிவாளிபோல், “எடுத்துடலாம் பெரியப்பா. அதிகமா தெரிஞ்சா நல்லதுதானே?” என்றேன்.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் சரியா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மார்பகத்தைப் பற்றி ஆண்டு மலரில் எழுதலாமா என்று தோழியர் சிலர் தயங்கினார்கள். சொல்லக் கூசியதால்தான் என் பெரியம்மா இரண்டு மாதங்களை இழந்தார். ஆகவே எழுதுகிறேன்.

கட்டியை மட்டும் நீக்கினால் போதுமா?

எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசுமுன் இக்கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், 1894-இல் தம் அறுவை முறையின் முடிவுகளை வெளியிட்டார். மார்பகம் முழுவதையும், அதன் கீழுள்ள மார்புத் தசைகளையும், அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் ஒருசேர அகற்றும் முறை அது. எவ்வளவு அதிகமாக அகற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் அதன்பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு மருத்துவ உலகை ஆண்டது.

அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் இருவர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசி 1973-க்கும் 1980-க்கும் இடையில் 701 பெண்களைச் சீட்டுக் குலுக்கியது போல் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குப் பழைய பெரிய அறுவை. மறு பிரிவினருக்குக் கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் இதுபோன்ற பேராய்வு ஒன்றைத் தொடங்கினார். இரண்டு ஆய்வுகளின் இருபது ஆண்டு முடிவுகளும் 2002-இல் வெளிவந்தன. உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை! மிலான் ஆய்வில் இறந்தோர் விகிதம், எந்தக் காரணத்தாலாயினும், பெரிய அறுவைப் பிரிவில் 41.2 விழுக்காடு, சிறிய அறுவைப் பிரிவில் 41.7 விழுக்காடு.

ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் இருபது ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆக, கத்தி விட்டுவைத்தவற்றில் பெரும்பகுதியைக் கதிர் கவனித்துக்கொள்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது பயன்படும்.

எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது?

இயற்பியல் மாணவி என்ற முறையில் இதை விளக்கும் உரிமை எனக்குச் சிறிது உண்டு.

நம் உடலில் பெரும்பகுதி நீரும் கொழுப்புமே. இரண்டிலும் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான்; அது மிகச் சிறிய காந்தம் போன்றது. சாதாரண நிலையில் இந்தக் காந்தங்கள் திசைக்கொன்றாக நிற்கின்றன. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்துக்குள் உடலை வைத்தால் அவற்றில் ஒரு சிறு பங்கு கூடுதலாகப் புலத்தின் திசையில் அணிவகுக்கிறது. இந்தப் புலம் நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். அப்போது புரோட்டான்கள், சுழலும் பம்பரம் தலையாட்டுவதைப்போல், நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை தலையாட்டும். அதே அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் செலுத்தினால் அவை ஆற்றலை ஏற்றுச் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும் மெல்ல நிமிர்கின்றன. நிமிரும்போது அவை தரும் மெல்லிய குறிப்பலைகளைக் கணினி படமாக்குகிறது. இடத்துக்கு இடம் காந்தப்புலத்தைச் சற்றே மாற்றினால் எந்த அலை எங்கிருந்து வந்தது என்பதை அறியலாம் என 1973-இல் காட்டியவர் பால் லாட்டர்பர். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஊடுகதிர் இதில் கிடையாது. “அந்தக் குழாய்க்குள்ள போனா உடம்பு வெந்துடும்” என்று எங்கள் தெருவில் சொன்னது தவறு.

மார்பகப் புற்றைத் தேடும்போது கடோலினியம் என்ற தனிமம் அடங்கிய மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். வளரும் புற்றுக்கு இரத்தம் நிறைய வேண்டும். அது தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவை சரியாகக் கட்டப்படாத, கசியும் குழாய்கள். மருந்து அங்கே விரைந்து பாய்ந்து தேங்குவதால் அந்த இடம் படத்தில் ஒளிர்கிறது. எனவே எம்.ஆர்.ஐ. காண்பது புற்று அணுக்களை அன்று. அதிக இரத்த ஓட்டத்தையே. அதிக இரத்தம் ஓடும் இடமெல்லாம் புற்று ஆகாது. தீங்கற்ற நார்க்கட்டியும் ஒளிரும். மாதவிலக்குச் சுழற்சியின் சில நாட்களில் நல்ல திசுவே ஒளிரும்.

மாவு சலிப்பதை எண்ணிப் பாருங்கள். சல்லடையின் கண் சிறிதாகச் சிறிதாகத் தவிடு தப்பாது. ஆனால் நல்ல மாவும் கொஞ்சம் மேலேயே தங்கிவிடும். எம்.ஆர்.ஐ. மிகச் சிறிய கண்ணுள்ள சல்லடை.

எங்கள் வீட்டில் நடந்தது

படம் எடுத்தார்கள். மேமோகிராமில் கண்ட கட்டி தெளிவாகத் தெரிந்தது. அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இன்னொரு புள்ளியும் ஒளிர்ந்தது. ‘சந்தேகத்துக்குரியது, திசுப் பரிசோதனை தேவை’ என்று அறிக்கை சொன்னது.

அன்றிரவு பெரியம்மா சாப்பிடவில்லை. “ஒண்ணுதான்னு சொன்னாங்க, இப்ப ரெண்டுங்கிறாங்க. நாளைக்கு மூணும்பாங்க. மொத்தமா எடுத்துடச் சொல்லுங்க; ரெண்டு பக்கமும் எடுத்துடச் சொல்லுங்க” என்று அழுதார். குறித்திருந்த அறுவை நாள் தள்ளிப் போயிற்று. மறுபடி அல்ட்ரா சவுண்ட், மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. மூன்று வாரம் கழித்து விடை வந்தது. அது வெறும் நார்க்கட்டி. முதலில் மருத்துவர் சொன்ன அதே அறுவைதான் கடைசியில் நடந்தது.

“பார்த்தாயா, எம்.ஆர்.ஐ. வீண்!” என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது அறிவியல் ஆகாது. அந்தப் புள்ளி உண்மையான புற்றாக இருந்திருந்தால், “எம்.ஆர்.ஐ. தெய்வம்போல் காப்பாற்றியது” என்று இதே கட்டுரையைத் திருப்பி எழுதியிருப்பேன். ஒரு பெரியம்மாவை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இதை எங்கள் துறைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “ஓர் அளவீட்டை வைத்து வரைபடம் வரைவாயா?” அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

பல பெண்களைக் கேட்டால்?

முதலில் எம்.ஆர்.ஐ.யின் பக்கம் நின்று பேசுவோம். அது கூர்மையானது என்பதில் ஐயமில்லை. ஒரு மார்பில் புற்று உறுதியான 969 பெண்களின் மறு மார்பை எம்.ஆர்.ஐ. கொண்டு சோதித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மேமோகிராமும் மருத்துவரின் கையும் காணாத புற்றை 30 பேரிடம், அதாவது 3.1 விழுக்காட்டினரிடம், அது கண்டது. நோயுள்ள மார்பைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவின் நெஹ்மத் ஹுசாமியும் அவர் குழுவினரும் 19 ஆய்வுகளை, 2,610 பெண்களின் விவரங்களை, 2008-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 16 விழுக்காட்டினரிடம் கூடுதல் நோயை எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்திருந்தது. ஆனால் ‘இன்னொரு இடம்’ என்று அது சுட்டியவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்றே அன்று. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த மூன்றில் ஒன்று.

அதே தொகுப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. படத்தின் காரணமாக, கட்டியை மட்டும் நீக்குவதாக இருந்த அறுவை முழு மார்பகத்தையும் நீக்கும் அறுவையாக மாறியது 8.1 விழுக்காட்டினருக்கு. 1.1 விழுக்காட்டினர், சுட்டப்பட்ட இடம் புற்றாக இல்லாதிருந்தும் முழு மார்பகத்தை இழந்தார்கள். விழுக்காடு சிறியதுதான். நூறு பேரில் அந்த ஒருத்தி நம் வீட்டில் இருந்தால் சிறியதாகத் தோன்றாது.

இங்கேதான் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். ‘எம்.ஆர்.ஐ. அதிகம் காண்கிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘அதிகம் கண்டதால் அப்பெண்ணுக்கு நன்மை விளைந்ததா?’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை, ஆம். இரண்டாவதற்கு விடை காணப் படம் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டாக வேண்டும். வெரோனேசியும் ஃபிஷரும் செய்ததைப்போலக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட வேண்டும்.

பிரிட்டனில் அது நடந்தது. காமிஸ் என்று பெயரிடப்பட்ட அவ்வாய்வை ஹல் நகரின் லிண்ட்சே டர்ன்புல் முன்னின்று நடத்தினார். 45 மருத்துவமனைகள், 1,623 பெண்கள். எல்லோருக்கும் மேமோகிராம், அல்ட்ரா சவுண்ட், மருத்துவர் சோதனை மூன்றும் முடிந்து, கட்டியை மட்டும் நீக்குவதாகத் திட்டம். அவர்களில் 816 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 807 பேருக்கு எடுக்கவில்லை. முதல் அறுவையில் புற்று முழுவதும் வராமல் மறுபடி மேசையில் படுக்க நேர்வதை எம்.ஆர்.ஐ. குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2010-இல் முடிவு வெளிவந்தது. மறு அறுவை, எம்.ஆர்.ஐ. பிரிவில் 19 விழுக்காடு. மற்றப் பிரிவிலும் 19 விழுக்காடு!

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளை வைத்து நடந்த ஆய்வில், விளிம்பில் புற்று எஞ்சியதால் மறுபடி வெட்ட நேர்ந்தது எம்.ஆர்.ஐ. பிரிவில் 34 விழுக்காடு, மற்றப் பிரிவில் 12 விழுக்காடு. அதாவது படம் எடுத்தவர்களுக்கே மோசம். அது வெளிவந்தது 2011-இல். மாறாக, 56 வயதுக்குட்பட்ட 440 பெண்களைக் கொண்டு சுவீடனில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மறு அறுவை எம்.ஆர்.ஐ. பிரிவில் 5 விழுக்காடு, மற்றப் பிரிவில் 15 விழுக்காடு. படம் எடுத்தவர்களுக்கு நன்மை. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் நோயாளி கேட்பது மறு அறுவையை மட்டுமா? “திரும்பி வருமா?” என்பதல்லவா பெரியம்மாவின் கேள்வி? ஹுசாமி குழுவினர் 2014-இல் நான்கு ஆய்வுகளிலிருந்து 3,169 பேரின் விவரங்களைத் தொகுத்தனர். எட்டு ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பாதிருந்தவர்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 97 விழுக்காடு, எடுக்காதவர்களில் 95 விழுக்காடு. மற்றக் காரணங்களையும் கணக்கில் சேர்த்தபின், இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. அண்மையில், 2025 டிசம்பரில், அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் நடந்த மார்பகப் புற்றுநோய் மாநாட்டில், ஹார்மோன் ஏற்பி இல்லாத வகைப் புற்றுடைய முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவைச் சொன்னார்கள். ஐந்து ஆண்டுகளில் நோய் அவ்விடத்தில் திரும்பாதிருந்ததில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் எவ்விதத்திலும் முந்தவில்லை.

அதிகம் கண்டும் பயன் ஏன் இல்லை?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, எம்.ஆர்.ஐ. காட்டும் சிதறிய புள்ளிகள் புதிதாக முளைத்தவை அல்ல. நெதர்லாந்தின் ரோலண்ட் ஹாலந்து என்ற நோய்க்குறியியலாளர், முழுதாக அகற்றப்பட்ட 282 மார்பகங்களை மெல்லிய துண்டுகளாக்கி ஆராய்ந்து 1985-இல் முடிவை வெளியிட்டார். வெளியில் ஒரே கட்டி எனத் தோன்றியவற்றில் 37 விழுக்காட்டில்தான் அது உண்மையிலேயே ஒன்றாக இருந்தது. மற்றவற்றில் முதன்மைக் கட்டிக்கு வெளியேயும் நுண்ணிய புற்றுத் துகள்கள் இருந்தன. 43 விழுக்காட்டில் அவை 2 சென்டிமீட்டருக்கும் அப்பால் இருந்தன. ஃபிஷரின் நோயாளிகளிடமும் இவை இருந்திருக்கும். எம்.ஆர்.ஐ. இல்லாத அந்தக் காலத்திலும் முழு மார்பகத்தை அகற்றியவர்களைப் போலவே அவர்கள் வாழ்ந்தார்கள். காரணம், முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன கதிர்வீச்சு. கரண்ட் கவனித்துக்கொள்ளப் போவதை எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டி நம்மைக் கலங்கச் செய்கிறது.

இரண்டாவது, எளிய இயற்பியல். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பெண் குப்புறப் படுக்கிறாள். மார்பகம் கீழ்நோக்கித் தொங்குகிறது. அறுவை மேசையில் மல்லாந்து படுக்கிறாள். மார்பகம் தட்டையாகிப் பக்கவாட்டில் சரிகிறது. படத்தில் கண்ட இடமும் கத்தி படும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. நிறைந்த குளத்தை வரைந்து வைத்துக்கொண்டு வற்றிய குளத்தில் படித்துறையைத் தேடுவது போன்ற சங்கடம் அது.

மூன்றாவது, நான் முன்பே சொன்ன சல்லடை. புற்று அல்லாத ஒளிகள் வீண் ஊசியையும், நாள் கடத்தலையும், அச்சத்தையும் கொண்டுவருகின்றன. அச்சம் வந்தபின், “மொத்தமா எடுத்துடுங்க” என்ற சொல் தானாக வந்துவிடுகிறது.

அப்படியானால் யாருக்குத் தேவை?

எம்.ஆர்.ஐ. யாருக்குமே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. பிரிட்டனின் ‘நைஸ்’ என்னும் அரசு வழிகாட்டு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. புற்று உறுதியான எல்லோருக்கும் அறுவைக்கு முன் வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம், ஆனால் மூன்று நிலைகளில் எடுக்கலாம். கை சொல்லும் அளவும், மேமோகிராம் சொல்லும் அளவும், அல்ட்ரா சவுண்ட் சொல்லும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது; மார்பகம் அடர்த்தியாக இருந்து மேமோகிராமால் கட்டியை அளக்க முடியாதபோது; ‘லோபுலர்’ என்ற வகைப் புற்றுக்குக் கட்டியை மட்டும் நீக்க எண்ணும்போது. இந்த லோபுலர் வகையில் புற்று அணுக்கள் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்ந்து பரவும்; கட்டியாகத் திரளாததால் மேமோகிராமுக்கு எளிதில் புலப்படாது.

இவை தவிர, அக்குள் நெறியில் புற்று கண்டும் மார்பில் மூலக்கட்டி கிடைக்காதபோதும், பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ள பெண்களுக்கும், முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பிறகு அறுக்கும்போது எவ்வளவு சுருங்கியது எனப் பார்க்கவும் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. அமெரிக்க மார்பக அறுவை மருத்துவர் சங்கமும் 2016-இல், புதிதாக நோய் கண்ட எல்லோருக்கும் வழக்கமாக மார்பக எம்.ஆர்.ஐ. எழுதாதீர்கள் என்றே தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது.

‘பெரிய இடத்துல எல்லாம்’ என்ற உறவினரின் சொல் என் நினைவுக்கு வந்தது இதைப் படித்தபோதுதான். பணமும் கருவியும் நிறைந்த நாடுகளே எல்லோருக்கும் எடுக்க வேண்டாம் என்கின்றன. எங்கள் அரசு மருத்துவமனை மருத்துவர் எங்களை ஏழை என்று ஒதுக்கவில்லை. மூன்று சோதனைகளும் ஒரே கட்டியை, ஒரே அளவை, ஒரே இடத்தைச் சொன்னதால் நான்காவது தேவையில்லை என்று அறிந்தே விட்டார். ஆனால் ஏன் தேவையில்லை என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு தோடு அடகுக்குப் போயிற்று.

கேட்க வேண்டிய கேள்வி

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாளை உங்களிடமும் ஒரு சீட்டு நீட்டப்படும். “நீ படிச்ச புள்ள, சொல்லு” என்பார்கள். என்னைப்போல் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மருத்துவர் இடத்தில் நாம் உட்காரவும் வேண்டாம். வீட்டாரோடு மருத்துவரிடம் சென்று இரண்டே கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள்: “ஐயா, இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்? மாறினால் அதனால் இவருக்கு என்ன நன்மை?” இவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால், கடன் வாங்கியேனும் எடுக்கலாம். எதுவும் மாறாது என்றால், எடுக்காமல் விடுவது கஞ்சத்தனமாகாது.

இன்னொன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. கட்டி சுண்டைக்காயாக இருக்கும்போதே வாய்திறந்து சொல்வது எம்.ஆர்.ஐ.யைவிடப் பெரிய காரியம். உங்கள் அம்மாவிடமும், பெரியம்மாவிடமும், அக்காவிடமும் இதைப் பேசுங்கள். மாணவர்களும் பேசலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியம்மாவுக்குக் கதிர்வீச்சு முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது. நாள் தவறாமல் மாத்திரை விழுங்குகிறார். சொன்ன தேதியில் சோதனைக்குப் போகிறார். கடையை மறுபடி திறந்துவிட்டார்கள். தோட்டை இந்தப் பொங்கலுக்குத்தான் மீட்டோம். இக்கட்டுரையை எழுதுகிறேன் என்றதும் பெரியம்மா சொன்னார்: “என் பேரைப் போடாத. ஆனா ரெண்டு மாசம் சொல்லாம இருந்தேன்ல, அதை மட்டும் கண்டிப்பா எழுது.”

எழுதிவிட்டேன் பெரியம்மா. “அதிகமா தெரிஞ்சா நல்லதுதானே?” என்று நான் சொன்னதையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.